டுலிப் வயல் எங்கே, தோட்டம் எங்கே: கூகன்ஹோஃப் பற்றிய ஒரு நீண்ட இழை

கேள்வி, 9 ஜனவரி 2025

ஏப்ரல் 29 காலை ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம், மே 2 கிளம்பிவிடுவோம். அப்பா, அம்மாவோடு மொத்தம் ஐந்து பேர். கூகன்ஹோஃபுக்கு ஒரு நாள் போதும்தானே? சினிமாப் பாட்டில் வருகிற கோடு கோடான டுலிப் வயலையும் உள்ளேயே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஏப்ரல் கடைசிதான் உச்சம் என்கிறார் ஏஜென்ட்.

10 ஜனவரி 2025

ஏஜென்ட் சொன்னது பாதி சரி. நீங்கள் நினைப்பது முழுத் தப்பு.

கூகன்ஹோஃபுக்குள் கோடு போட்ட வயல் கிடையாது. அது லிஸ ஊரில் உள்ள 32 ஹெக்டேர் பூங்கா. பெரிய மரங்கள், குளம், வளைந்து போகும் பாதைகள், புல்வெளிக்கு நடுவே பாத்தி பாத்தியாகப் பூ. ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் கிழங்கு நடுகிறார்கள். பாட்டில் வரும் வயல் வேலிக்கு வெளியே இருக்கிறது. லிஸ, ஹில்லகொம், நூர்த்வைக்கர்ஹவுட், ஃபோர்ஹவுட், சாசன்ஹைம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களில் விவசாயிகள் வைத்திருக்கும் சொந்த நிலம் அது.

இரண்டுக்கும் நாள்கணக்கு வேறு. பூங்கா இந்த ஆண்டு மார்ச் 20 முதல் மே 11 வரை. அதற்குள் எந்த நாள் போனாலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும்படிதான் நட்டிருக்கிறார்கள். வயல் உங்களுக்காகக் காத்திருக்காது. ஏப்ரல் 29 அன்று லிஸ பக்கம் பாதி வயல் பச்சையாகக் கிடக்கலாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், அது தனிக் கதை.

தேதியை மாற்ற முடிந்தால் ஏப்ரல் 14 முதல் 17 வரை, அல்லது 22 முதல் 25 வரை வையுங்கள். நடுவில் 18 முதல் 21 வரை ஈஸ்டர். அந்த நான்கு நாளும் ஐரோப்பாவே லிஸவில்தான் நிற்கும்.

10 ஜனவரி 2025, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஏப்ரல் 26 முதல் மே 4 வரை நெதர்லாந்துப் பள்ளிகளுக்கு மே விடுமுறை. 26 அரசர் தினம், நாடே கொண்டாடும் விடுமுறை. அதாவது நீங்கள் குறித்திருக்கும் தேதியில் பூ குறையும், கூட்டம் கூடும். விமான டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் யோசியுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கும் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். ஜனவரியிலேயே உட்காருங்கள்.

11 ஜனவரி 2025

"எந்த வாரத்தில் என்ன பூக்கும், ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஒரு வரியில் அடங்காது.

மார்ச் கடைசியில் குரோக்கஸ் முடியும் தறுவாயில் இருக்கும், டாஃபடில் தொடங்கியிருக்கும். ஏப்ரல் முதல் பாதி ஹயசிந்த் காலம். வயல் பக்கம் காற்றடித்தால் சைக்கிளில் போகும்போதே மூக்கில் ஏறும். சிலருக்குத் தலைவலியும் வரும். மல்லிகை வாசம் பிடிக்காதவர்களுக்கு இதுவும் பிடிக்காது. டுலிப்புக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை. இதெல்லாம் சராசரிதான். சூடான மார்ச் வந்தால் ஒரு வாரம் முந்தும், குளிர்ந்தால் பிந்தும். "ஏப்ரல் தன் இஷ்டப்படி செய்யும்" என்று டச்சுக்காரர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி, மாலையில் மறுபடி வெயில் என்பது அங்கே செய்தியே இல்லை.

மார்ச்சில்தான் வர முடியும் என்றாலும் வீண் இல்லை. வில்லம் அலெக்சாண்டர் கண்ணாடி மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கான வகை டுலிப் முன்கூட்டியே பூத்து நிற்கும். பியாட்ரிக்ஸ் மண்டபத்தில் ஆர்க்கிட். ஆனால் வெளியே பெரும்பாலும் மொட்டும் மண்ணும்தான் என்று தெரிந்து வாருங்கள்.

19 ஜனவரி 2025

போக்குவரத்து. லிஸவில் ரயில் நிலையம் இல்லை. பஸ்தான்.

ஸ்கிபோலிலிருந்து 858, லைடன் சென்ட்ராலிலிருந்து 854, ஆம்ஸ்டர்டாம் ஆர்ஏஐ கண்காட்சி மையம் பக்கமிருந்து 852. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலில் தங்குகிறவர்கள் 52 ஆம் எண் மெட்ரோவில் யூரோபாப்ளைன் போய் 852 பிடிக்கலாம். நுழைவும் பஸ்ஸும் சேர்ந்த கூட்டுச்சீட்டு விற்கிறார்கள். ஐந்து பேர் என்றால் அதையே வாங்குங்கள், ஏறும்போது இறங்கும்போது கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

நுழைவுச்சீட்டில் தேதியோடு நேரமும் குறித்திருக்கும். அது உள்ளே நுழைய வேண்டிய நேரம், வெளியேற வேண்டிய நேரம் அல்ல. 8 மணிச் சீட்டில் நுழைந்து மாலை 7:30 வரை இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். காலை 8 மணிச் சீட்டுதான் முதலில் காலியாகும் என்று நினைப்போம். இல்லை, 10, 11 மணிதான் முதலில் தீரும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டுகிற நேரம் அது. 8 மணிக்கு நுழைந்தால் இரண்டு மணி நேரம் பூங்கா உங்களுக்கு. அது முடியாதென்றால் மாலை 4 மணிக்கு மேல்.

நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம்.

20 ஜனவரி 2025

கூட்டுச்சீட்டு வாங்காதவர்களுக்கு: அங்கே பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றிலும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். தவறுகிற இடம் மூன்று.

ஒன்று, இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வான். இரண்டு, ஒரு அட்டையில் ஒரு ஆள்தான். ஒரே அட்டையை ஐந்து முறை தட்டினால் ஐந்து சீட்டு ஆகாது. மூன்று, இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கும். வங்கி ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஊரிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி ரோமிங்கில் வரும் என்று நம்பிப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டாம்.

ஸ்கிபோலில் இறங்கி நேராகப் பூங்கா போகிறவர்கள் பெரிய பெட்டியை விமான நிலைய லாக்கரிலேயே விட்டுப் போகலாம். வருகைக் கூடம் 1க்கும் 2க்கும் நடுவே கீழ்த்தளத்தில் இருக்கிறது.

திரும்பும்போது ஸ்கிபோல் பஸ்ஸுக்கு மாலை 4 முதல் 5:30 வரை நிற்கிற வரிசை கொடுமை. ஊர் எதுவானாலும் பரவாயில்லை என்றால் லைடன் பஸ் ஏறி அங்கிருந்து ரயிலில் போவது நல்லது.

2 பிப்ரவரி 2025

பெயரைப் பற்றிச் சண்டை வந்திருக்கிறது. கியூகன்ஹாஃப், கெய்கன்ஹோஃப், கூகன்ஹோஃப். டச்சுக்காரர் வாயில் வருவது தமிழ் எழுத்தில் அடங்காது. உதட்டைக் குவித்துக்கொண்டு "கே" சொல்லிப் பாருங்கள், கிட்ட வரும். எப்படிச் சொன்னாலும் டிரைவருக்குப் புரியும். அவர் நாள் முழுக்க இதைத்தான் கேட்கிறார்.

கூகன் என்றால் அடுப்படி. ஹோஃப் என்றால் தோட்டம், முற்றம். 15 ஆம் நூற்றாண்டில் ஜக்கோபா சீமாட்டியின் சமையலுக்குக் கீரையும் மூலிகையும் போன இடம். கோட்டை 1641இல் வந்தது. இப்போது நடக்கிற பாதைகளின் வடிவம் 1857இல் தோட்ட வடிவமைப்பாளர்களான சோஹர் அப்பாவும் மகனும் வரைந்தது. ஆம்ஸ்டர்டாமின் ஃபோண்டல்பார்க்கும் அவர்கள் கைவேலைதான். பூக்கண்காட்சி யோசனை 1949இல் கிழங்கு விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களுமாக 20 பேர் சேர்ந்து போட்டது. 1950இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

அந்த 20 பேர் யார் என்பதைக் கவனியுங்கள். பூ வியாபாரிகள் இல்லை, கிழங்கு வியாபாரிகள். கூகன்ஹோஃப் இன்றைக்கும் அவர்களுடைய கடைவாசல்தான். கிழங்கை விவசாயிகள் இலவசமாகக் கொடுக்கிறார்கள், பூங்காவின் சுமார் 40 தோட்டக்காரர்கள் நட்டு வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் வகைப்பெயரும் கொடுத்தவர் பெயரும் எழுதிய பலகை நிற்கும். ஜவுளிக்கடை வாசல் பொம்மைக்குப் புடவை கட்டி விடுகிறார்களே, அந்த மாதிரி.

சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கோட்டை தனி. இந்தச் சீட்டில் அங்கே விடமாட்டார்கள்.

16 பிப்ரவரி 2025

வயல் ஏன் காத்திருக்காது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

வயலில் வளர்வது பூவுக்காக இல்லை, கிழங்குக்காக. பூக்கடையில் விற்கிற டுலிப் பசுமைக்குடிலில் குளிர்காலத்திலேயே வளர்த்து அறுத்தது. வெளி வயலில் நட்டது அடுத்த ஆண்டுக்கு விற்கிற கிழங்கு. கிழங்கு என்று நாம் சொன்னாலும் உரித்துப் பார்த்தால் வெங்காயம்தான். பழுப்புத் தோல், உள்ளே வெள்ளைச் செதில், அடியில் தட்டு. அக்டோபர், நவம்பரில் நட்ட தாய்க்கிழங்கு வசந்தத்தில் தன்னையே கரைத்துப் பூவும் இலையும் விடும். அதன் இடத்தில் செதில்களுக்கு நடுவே பிறந்த பிள்ளைக்கிழங்குகள் பருக்கும். ஜூன், ஜூலையில் தோண்டும்போது தாய் இருக்காது, வெறும் தோல்தான்.

அப்படியானால் பூவை எதற்கு விரிய விடுகிறான்? சோதனைக்கு. சிவப்புப் பாத்தியில் ஒரு மஞ்சள் கலந்திருந்தால் பூத்தால்தான் தெரியும். இதழில் வைரஸ் கோடு விழுந்திருந்தாலும் பூத்தால்தான் தெரியும். நோய் பார்க்கிறவர்கள் வரிசை வரிசையாக நடந்து கெட்ட செடியைக் கிழங்கோடு பிடுங்குவார்கள். சில பண்ணைகளில் கேமரா வைத்த இயந்திரமும் இந்த வேலையைச் செய்கிறது. சோதனை முடிந்ததா, தலையைக் கொய்துவிடுவான். விதை பிடிக்க விட்டால் கிழங்குக்குப் போக வேண்டிய சத்து அங்கே போய்விடும். இலையை மட்டும் பத்திரமாக விடுவான், அடுத்த சில வாரம் கிழங்கை ஊட்டுவது அதுதான்.

ஆக, நேற்று மாலை சிவப்புக் கடலாக இருந்தது இன்று காலை பத்து மணிக்குப் பச்சை. கொய்த தலைகள் வரிசைகளுக்கு நடுவே கிடக்கும். பார்க்க வந்தவருக்கு வயிறு எரியும். விவசாயிக்கு அது களை எடுப்பது போல ஒரு வேலை.

17 பிப்ரவரி 2025

மேலே உள்ளதில் ஒரு திருத்தம். கொய்வதை எல்லோரும் ஒரே நாளில் செய்வதில்லை. வகைக்கு வகை, வயலுக்கு வயல் மாறும். முந்திப் பூக்கிற முன்வகை ஏப்ரல் நடுவிலேயே போகும், பிந்திப் பூக்கிற பின்வகை மே முதல் வாரம் வரை நிற்கும். "ஏப்ரல் 29 அன்று ஒன்றும் இருக்காது" என்று படித்தவர்கள் பயப்பட வேண்டாம். தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பிந்தி வருகிறவர்களுக்கு மாற்று வழி உண்டு. வடக்கே ஷாகன், அன்னா பாலோவ்னா, யூலியானாடோர்ப் பக்கம் கடல்காற்றுக்குக் குளிர் அதிகம், பொதுவாக லிஸவைவிட ஒரு வாரம் போலப் பிந்தும். அல்க்மார் – டென் ஹெல்டர் ரயிலில் அன்னா பாலோவ்னா நிலையத்தில் இறங்கினால் ஊரைச் சுற்றி வயல். ஒரே தொடர்ச்சியாக விரிந்த கிழங்கு வயல் என்று பார்த்தால் லிஸவைவிட அதுதான் பெரிது. நினைவுப்பொருள் கடை கிடையாது. அதுவே ஒரு வசதி.

18 பிப்ரவரி 2025

பணம் செலவழிக்காமல் வயல் பார்க்க வேண்டுமா? லைடன் – ஹார்லம் ரயிலில் எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஃபோர்ஹவுட்டுக்கும் ஹில்லகொமுக்கும் நடுவே இரு பக்கமும் வயல்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

3 மார்ச் 2025

"எட்டு வாரமும் ஒரே பாத்தியில் பூ எப்படி?" நல்ல கேள்வி. அடுக்கி நடுகிறார்கள். ஒரே குழியில் மூன்று தளம். அடியில் பின்வகை டுலிப், அதன்மேல் மண், பிறகு முன்வகை டுலிப்போ டாஃபடிலோ ஹயசிந்தோ, மறுபடி மண், எல்லாவற்றுக்கும் மேலே குரோக்கஸ் மாதிரி பொடிக்கிழங்கு. மார்ச்சில் மேல்தளம் பூத்து ஓய்கிறபோது நடுத்தளம் அதைத் துளைத்துக்கொண்டு வரும், மே மாதத்துக்கு அடித்தளம். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டிலிருந்து மூன்று பங்கு ஆழம் என்பது கணக்கு. பெரிய டுலிப்புக்கு 15 செ.மீ. போல, குரோக்கஸுக்கு அதில் பாதி. மேல்கிழங்கைக் கீழ்க்கிழங்கின் நேர் தலைமேல் வைத்தாலும் பாதகமில்லை, முளை வளைந்து ஒதுங்கி வந்துவிடும்.

அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை இந்த வேலை நடக்கும். கையால்தான். வரைபடத்தைத் தரையில் குறி போட்டு மாற்றி, ஒவ்வொன்றாக வைப்பார்கள்.

கிழங்கின் அளவைச் சுற்றளவில் சொல்வார்கள். பெட்டியில் 12/+ என்றால் சுற்றளவு 12 செ.மீ. அல்லது அதற்கு மேல். கடையில் மலிவாகக் கிடைக்கிற 9/10 வாங்கி நட்டால் ஒற்றை இலை மட்டும் வந்து நிற்கலாம். பூ விடுகிற வயசு அதற்கு வந்திருக்காது.

4 மார்ச் 2025

மண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு. லிஸ வட்டாரம் பழைய கடற்கரை மணல்மேடு. மேட்டை வெட்டி எடுத்து மணலை விற்றார்கள், சமமான தரை கிடைத்தது. நீர்மட்டம் தரைக்குக் கீழே சுமார் 55, 60 செ.மீ.யில் நிற்கும்படி கால்வாயில் மதகு வைத்துப் பிடித்திருக்கிறார்கள். வேருக்கு ஈரம் உண்டு, கிழங்கு அழுகாது. தோண்டும்போது மணல் உதிர்ந்து கிழங்கு சுத்தமாக வரும். கோடையில் சில வயல்களில் முழங்கால் அளவுக்கும் குறைவாகத் தண்ணீரைக் கட்டிச் சில வாரம் அப்படியே விட்டிருப்பார்கள். வெள்ளம் இல்லை. மண்ணில் உள்ள நூற்புழுவை மூச்சுமுட்ட வைக்கிற ஏற்பாடு.

21 மார்ச் 2025

பூங்கா திறந்துவிட்டது. இங்கே வரிசையாக வந்திருக்கும் கேள்வி எல்லாம் ஒன்றே: "என்ன உடுத்துவது?"

ஏப்ரலில் பகல் 13, 14 டிகிரி, இரவு 4, 5. காற்று தனி. ஒரு தடிமனான கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது, மண்டபத்துக்குள் போனால் கழற்ற வேண்டியிருக்கும். குடை அங்கே செல்லாது, காற்று மடக்கிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு. பட்டுப் புடவையில் படம் எடுக்க வேண்டும் என்கிற ஆசை நியாயமானதுதான். உள்ளே வெப்பம் காக்கும் பனியன் போட்டுக்கொள்ளுங்கள், கொசுவம் ஈரப் புல்லில் படாமல் ஒரு விரல் தூக்கிக் கட்டுங்கள். பூங்காப் பாதை முழுதும் நடந்தால் 15 கி.மீ. யாரும் முழுதும் நடப்பதில்லை. மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள்.

பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்பதிவு செய்து வாங்கலாம். பாதை பெரும்பாலும் சமம். காற்றாலை மேல்தட்டுக்கு மட்டும் செங்குத்தான படி, அவர்களைக் கீழே உட்காரவைத்துவிட்டு ஏறுங்கள். அந்தக் காற்றாலை லிஸவில் பிறந்ததில்லை. 1892இல் க்ரோனிங்கன் பக்கம் கட்டியது, 1957இல் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் மேலிருந்து வேலிக்கு வெளியே உள்ள வயல் தெரியும். அதன் காலடியிலிருந்து வயலோரக் கால்வாயில் சத்தமில்லாத மின்படகு போகிறது, முக்கால் மணி நேரம், தனிக் கட்டணம். நடக்க முடியாத அப்பா, அம்மாவுக்கு நான் சொல்வது: மண்டபம் இரண்டு, படகு ஒன்று, காபி ஒன்று. போதும்.

22 மார்ச் 2025

சாப்பாடு. சைவம் என்றால் வறுத்த உருளைக்கிழங்கு எங்கும் உண்டு. மேலே ஊற்றுகிற மயோனைஸில் முட்டை, அதை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பொஃபர்ட்யஸ் என்கிற குட்டிப் பணியாரத்திலும் முட்டை இருக்கும். கட்டுச்சோறு கொண்டுபோய் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஊரிலிருந்து பால்கோவா, நெய், பன்னீர் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பண்டம் கொண்டுவரத் தடை. புளிக்காய்ச்சலுக்குத் தடை இல்லை.

5 ஏப்ரல் 2025

சைக்கிள். பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், வழிப்படமும் தருவார்கள். பூங்காவைத் தொட்டுக்கொண்டே போகும் லோஸ்டர்வெக், நூர்த்வைக்கர்ஹவுட்டின் டெல்ஃப்வெக், இந்த இரண்டு சாலையும் பத்து கி.மீ. சுற்றுக்குள் அடங்கும்.

விழுகிறவர்கள் விழுவது ஒரே காரணத்தால். பல வாடகைச் சைக்கிளில் பின்பிரேக் கைப்பிடியில் இருக்காது, மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும். நம் கால் பழக்கம் என்ன? சும்மா உருளும்போது மிதியைப் பின்னால் சுற்றிக்கொண்டே போவது. அங்கே அப்படிச் சுற்றினால் சக்கரம் கவ்வி நின்றுவிடும். ஏறியதும் காலியான இடத்தில் நாலு முறை பழகுங்கள். நிற்கும்போது ஒரு மிதி மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் கிளம்ப முடியாது. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக உங்களைப் பார்த்துக் கூர் நீட்டினால் வழிவிட வேண்டியவர் நீங்கள். சிவப்புத் தடம் சைக்கிளுக்கு. அதில் நின்று செல்ஃபி எடுத்தால் மணி அடிக்கமாட்டார்கள், திட்டுவார்கள்.

6 ஏப்ரல் 2025

"வயலுக்குள் ஒரே ஒரு வரிசை இறங்கிப் படம் எடுத்தால் என்ன?"

இறங்காதீர்கள். மிதிபட்ட செடி போகட்டும். ஒரு வயலின் மண் உங்கள் செருப்பில் ஒட்டி அடுத்த வயலுக்குப் போகிறது, அதில் நூற்புழு போகிறது. டுலிப் எக்ஸ் என்று ஒரு வைரஸ் உண்டு, ஒரு செடியின் சாறு இன்னொன்றில் பட்டாலே தொற்றும். இலை உரசி நடப்பவர் அதைச் செய்கிறார். வைரஸ் புகுந்தால் அந்தக் கிழங்குக்குச் சான்று கிடைக்காது, ஏற்றுமதி நிற்கும். சாலைக்கும் வயலுக்கும் நடுவே ஓடை வெட்டி வைத்திருக்கிறார்கள். தாண்டிக் குதிக்கிறவர்கள் உண்டு. ஓடையில் விழுகிறவர்களும் உண்டு, அவர்கள் படத்தைத்தான் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

வயலுக்குள் நிற்பது மாதிரிப் படம் வேண்டுமென்றால் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்காருங்கள், கேமராவைப் பூ உயரத்துக்கு இறக்கி, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். ஓடை மறைந்துவிடும்.

7 ஏப்ரல் 2025

படம் பற்றி இன்னும் இரண்டு. சிவப்பு டுலிப்பைப் போன் கேமரா தகதகவென்று ஒரே அப்பலாக்கிவிடும், இதழின் நரம்பு தெரியாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். மேகமூட்டம் நல்லது. காலை 8 மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று சொன்னேன், அதற்கு விலை உண்டு. குளிரில் டுலிப் மூடியே இருக்கும். வெப்பம் ஏற ஏற இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக வளர்ந்து திறக்கும், குளிர்ந்தால் எதிர்மாறாக நடந்து மூடும். விரிந்த பூ வேண்டுமென்றால் 11 மணிக்கு மேல், ஆளில்லாத பாதை வேண்டுமென்றால் 8 மணி. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

டிரோன் கூடாது. ஸ்கிபோல் வான்எல்லைக்குள் வருகிற இடம்.

10 ஏப்ரல் 2025

சனிக்கிழமை 12 ஆம் தேதி பூத்தேர் ஊர்வலம். நூர்த்வைக்கிலிருந்து ஹார்லம் வரை சுமார் 42 கி.மீ. 1947இலிருந்து நடப்பது. லிஸ வழியாகப் பிற்பகலில் வரும், பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அன்று சாலைகளை அடைப்பார்கள், பஸ் சுற்றிப் போகும். ஒரே நாளில் பூங்காவையும் ஊர்வலத்தையும் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே பூங்காவுக்குள் போய்விடுங்கள். இல்லையென்றால் இரண்டும் பாதி.

தேரில் பெரும்பாலும் ஹயசிந்தின் ஒற்றை மணிப்பூக்களை ஒவ்வொன்றாகக் குத்தி ஒட்டியிருப்பார்கள். ஹார்லம் போய்ச் சேர்ந்த மறுநாளும் நிறுத்தி வைத்திருப்பார்கள். கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் அன்று போய்க் கிட்டே நின்று பார்க்கலாம்.

15 ஏப்ரல் 2025

1637இல் டுலிப் கிழங்கு விலை ஏறிச் சரிந்தது பற்றி ஒருவர் நீளமாக எழுதச் சொல்லியிருக்கிறார். நீளமாக வேண்டாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹார்லமில் ஏலம் கேட்க ஆள் வரவில்லை, விலை சரிந்தது. நாடே திவாலானது என்பது பின்னால் ஊதிப் பெருக்கிய கதை. கவனிக்க வேண்டியது வேறு. எல்லோரும் ஆசைப்பட்ட செம்பர் அகுஸ்டஸ் என்கிற டுலிப் வெள்ளையில் சிவப்புத் தீ எரிந்தது போல இருக்கும். அந்தக் கோடு வைரஸ் போட்டது, அசுவினிப் பூச்சி பரப்புவது. வைரஸ் கிழங்கை ஆண்டுக்கு ஆண்டு மெலியவைக்கும், பிள்ளைக்கிழங்கு குறையும். அதனால் அரிது, அதனால் விலை. நோய்க்குத்தான் பணம் கொடுத்தார்கள் என்பது தெரிய 1928 வரை ஆனது, ஆய்வாளர் டோரதி கேலி சோதித்துக் காட்டினார். இன்றைக்குக் "ரெம்பிராண்ட்" என்று கடையில் விற்கிற வரி டுலிப்பில் வைரஸ் இல்லை, மரபிலேயே வரி.

டுலிப்பை லைடனில் நட்டவர் தாவரவியலாளர் குளூசியஸ், 1593இல் அங்கே வந்தார். அவர் தோட்டத்தை மறுபடி உருவாக்கி லைடன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். 854 ஏறுவதற்கு முன்போ பின்போ ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பழைய வகைகளுக்கென்றே லிம்மன் ஊரில் ஹார்டஸ் பல்போரம் இருக்கிறது, 1595 ஆம் ஆண்டு வகை ஒன்று அங்கே இன்னும் பூக்கிறது. கூகன்ஹோஃபின் ஜனநெரிசல் பிடிக்காதவர்கள் அங்கே போங்கள்.

24 ஏப்ரல் 2025

நாளை மறுநாள் அரசர் தினம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளியே கிளம்புவது கஷ்டம், ரயில் ஆரஞ்சுச் சட்டையால் நிரம்பும். அன்று லைடனிலோ ஹார்லமிலோ இரவு தங்கியிருப்பவர்களுக்குத்தான் பூங்கா எளிது.

30 ஏப்ரல் 2025

முதல் கேள்வி கேட்டவர் தேதியை மாற்றவில்லை போலிருக்கிறது. "லோஸ்டர்வெக்கில் மூன்றில் ஒரு வயல்தான் பூவோடு இருக்கிறது, பூங்காவுக்குள் பின்வகை பிரமாதம்" என்று நேற்று எழுதியிருக்கிறார். சரி. உள்ளே மரநிழல் இருப்பதால் பின்வகை நிதானமாக நிற்கும். கருப்பு மாதிரி இருக்கிறதே, அது க்வீன் ஆஃப் நைட். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், அடர்ந்த கத்தரிப்பூ நிறம்தான். ஓரம் கிழிந்து முறுக்கியவை பேரட் வகை. பக்கத்தில் இடுப்புயரத்துக்கு நின்று ஆரஞ்சு மணிகளைத் தொங்கவிட்டு நரி நாற்றம் அடிப்பது ஃபிரிட்டிலேரியா. அது அழுகிப்போனதால் வந்த நாற்றம் இல்லை, பிறவிக்குணம்.

ஹோட்டலுக்குப் பூங்கொத்து வாங்கினால்: டாஃபடிலையும் டுலிப்பையும் ஒரே ஜாடியில் வைக்காதீர்கள். டாஃபடில் தண்டிலிருந்து வடியும் கொழகொழப்பு டுலிப்பைச் சீக்கிரம் சாய்த்துவிடும். டாஃபடிலைத் தனியாக ஒரு நாள் தண்ணீரில் நிறுத்தி, தண்டை மறுபடி வெட்டாமல் பிறகு சேர்க்கலாம். டுலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சத்தைப் பார்த்து வளையும். காலையில் கோணலாக நின்றால் வாடிவிட்டது என்று எறிய வேண்டாம்.

12 மே 2025

நேற்றோடு மூடியாயிற்று. பூங்காவில் உள்ள கிழங்குகளைத் தோண்டி எடுத்துவிடுவார்கள், இலையுதிர் காலத்தில் எல்லாம் புதிது. "அந்தக் கிழங்கைச் சாப்பிடலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டவருக்கு: 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் டச்சு மக்கள் சாப்பிட்டார்கள். நடுவில் உள்ள மஞ்சள் முளையை நீக்கிவிட்டு வேகவைத்து அரைத்துத்தான். விளையாட்டு இல்லை. இப்போது விற்கிற கிழங்கில் மருந்து ஏற்றியிருக்கும், வாயில் வைக்கவே கூடாது. டாஃபடில் கிழங்கு எந்தக் காலத்திலும் நஞ்சு.

13 மே 2025

கிழங்கை ஊருக்குக் கொண்டுவருவது பற்றி நாலு பேர் கேட்டாயிற்று. நடுகிற கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003 ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு நோயின்மைச் சான்றும் வேண்டும். கடையில் பாக்கெட்டில் ஏதோ சான்று ஒட்டியிருக்கிறது என்பது போதாது. அனுமதி நீங்கள் வாங்கியிருக்க வேண்டும்.

உள்நாட்டில் கிழங்கு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 12 முதல் 16 வாரம் 5 முதல் 9 டிகிரிக்குள் குளிர வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டு சரியான இடம், ஆனால் அதே தட்டில் ஆப்பிளோ மாம்பழமோ வாழைப்பழமோ இருந்தால் அது விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெளியே கிழங்கு கொழுகொழுவென்று இருக்கும், நட்டால் இலை மட்டும் வரும். "எல்லாம் சரியாகச் செய்தேன், பூக்கவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் பழத்தோடு வைத்தவர்கள்.

சென்னையில் டிசம்பர் கடைசியில் தொட்டியில் வைத்தால் தண்டு குட்டையாக ஒரு பூ வரும், இரண்டு மூன்று நாளில் இதழ் கொட்டும். மறு ஆண்டுக்குக் கிழங்கு தேறாது. ஊட்டி, கொடைக்கானலில் கொஞ்சம் மேல், அங்கேயும் மறு ஆண்டு சந்தேகம்தான்.

8 ஜூலை 2025

தோண்டுகிற பருவம். பூ பார்க்க வந்தவர்கள் யாரும் இந்த மாதம் வருவதில்லை. லிஸ பக்கம் இயந்திரம் மண்ணைச் சல்லடையில் உலுக்கிக்கொண்டு போகும், கொட்டகையில் மின்விசிறி இரைச்சல், தோல் உரிக்கிற மேசை, அளவு பிரிக்கிற தட்டு. ஒரு கிழங்கை இப்போது நெடுக்காகப் பிளந்தால் நடுவில் இலை முனைகள் மட்டும்தான். ஆகஸ்ட் போல மறுபடி பிளந்து லென்ஸில் பார்ப்பார்கள். மில்லிமீட்டர் அளவில் ஆறு இதழ், ஆறு மகரந்தக்காம்பு, நடுவே மூன்று மூலையாகச் சூலகம் உருவாகியிருந்தால் சரி, குளிர்அறைக்கு அனுப்பலாம். சூலகம் வரும் முன் குளிரில் போட்டால் பூ ஊனமாகிவிடும். 2026 ஏப்ரலில் விரியப் போகும் பூ அந்தக் கொட்டகைப் பெட்டிக்குள்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

9 ஜூலை 2025

2026க்குப் பூங்கா மார்ச் 19 முதல் மே 10 வரை. ஈஸ்டர் ஏப்ரல் 5க்கே வந்துவிடுகிறது, அரசர் தினம் திங்கட்கிழமை 27. ஏப்ரல் 13 முதல் 24க்குள் வார நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.